ஜூன் ஒண்ணாம் தேதிப் பிள்ளைக

இப்பிடித் தள்ளி ஒக்காரு தங்கச்சி, பாப்பாவை நடுவுல விடு. இங்கதான் ஃபேன் சுத்துது. அந்தப் பக்கம் சும்மா பேருக்குத் தொங்குது. ஆமா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத, நீ ஆபீஸ் ஆளு இல்லையே? சில பேரு பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு நம்மளை மாதிரியே வந்து ஒக்காருவாக. நல்லாப் பேசி வாயைப் புடுங்குவாக. அப்புறம் உள்ள போயி ஒண்ணுக்குப் பத்தா வத்தி வச்சிருவாக. இருவத்தோரு வருசமா இந்தக் குழந்தைகள் நல ஆபீஸ் வராண்டாவைப் பாக்குறேன். உன் டோக்கன் எத்தனை? பதினேழா. சரி, டோக்கன் வச்சிருந்தா ஆபீஸ் ஆளா இருக்க முடியாது. எங்களுது பதினாலு. இப்பத்தான் பன்னெண்டு உள்ள போயிருக்கு.

என் பேரு அன்னமயில். பிள்ளைக மயிலத்தைம்பாக. ஊருக்கு வடக்க, பொம்பளைப் பிள்ளைக இல்லம் இருக்குல்ல, அங்க வேலை. வேலைக்குப் பேரு இல்லத்தாய். சிரிக்காத, ஆர்டர்லயே அப்பிடித்தான் அடிச்சிருக்கான். நாப்பத்திரெண்டு பிள்ளைகளுக்கு ரெண்டு இல்லத்தாய். நான் ஒருத்தி, இன்னொருத்தி பாதி நாளு லீவு. எனக்குன்னு வயித்துல பொறந்தது எதுவும் கெடையாது. அது எதுக்கு இப்ப, விடு.

அந்தா பாரு, கம்பி ஜன்னலுக்குக் கீழ, நீலச் சுடிதாரு, ரெட்டைச் சடை, மடியில புஸ்தகம். அவதான் நாகஜோதி. அடுத்த வாரம் ப்ளஸ் டூ தொறக்குது, இங்க வந்தும் படிக்கிறா. பக்கத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு ஃபைலைப் பொரட்டுறாகல்ல, அவுகதான் எங்க சூப்பிரண்டு, பிருந்தா மேடம். கீழ வேப்பமரத்தடியில வெள்ளை வேட்டி தெரியுதா? அது ஜோதியோட சின்னையா, அப்பன் கூடப் பொறந்தவரு, மொக்கச்சாமின்னு பேரு. அவருதான் இவளை இல்லத்துல கொண்டாந்து விட்டது. பன்னெண்டு வருசம் எட்டிப் பாக்கல. இப்ப வந்து, பிள்ளைக்குப் பதினெட்டு முடியப் போகுது, எங்க பிள்ளையை எங்ககிட்டக் குடுங்கன்னு நிக்கிறாரு. கூட்டிட்டுப் போனா ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளைக்கு முப்பத்திநாலு. முகூர்த்தமே குறிச்சாச்சாம்.

பதினெட்டு முடிஞ்சா எங்க இல்லத்துல வச்சுக்க முடியாது, அது சட்டம். பதினெட்டு முடிஞ்ச பொண்ணுகளுக்குன்னு ஒரு இல்லம் இருக்கு, மூணு மாவட்டம் தள்ளி. அங்கயும் எடமில்லைன்னுட்டாக. ஜூன் ஒண்ணு வந்தா இவளுக்குப் பதினெட்டு. இன்னிக்கு மே இருவத்தெட்டு. அதான் வந்து ஒக்காந்திருக்கோம். மெதுவாப் பேசுவோம், அந்தம்மாவுக்குக் காது பொல்லாத காது.

நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மெதுவாப் பேசுறவுகளை மட்டும் நம்பிறாத. முன்னாடி இருந்த சூப்பிரண்டு சத்தம் போடுவாரு. தட்டை விட்டு எறிவாரு. ஆனா அவரு மனசுல என்ன இருக்குன்னு தட்டு விழுற சத்தத்துலயே தெரிஞ்சு போகும். இந்தம்மா போன ஆடியில வந்து எறங்குனாக. சத்தமே கெடையாது. ஒரு ஊதா நோட்டு, ஒரு பேனா. சமையக்கட்டுல நிப்பாக, குளிக்கிற எடத்துல நிப்பாக, எழுதுவாக. என்னம்மா எழுதுறீகன்னு கேட்டா, "ஒண்ணும் இல்லக்கா, குழாய் ஒழுகுது"ம்பாக. குழாய் ஒழுகுறதை எழுதுறதுக்கு நோட்டு எதுக்கு? நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இது வேவு பாக்க வந்த ஆளுன்னு.

வந்த மொத மாசமே, பிள்ளைக சாப்புடும்போது நாங்களும் கூட ஒக்காந்து அதே சோத்தைச் சாப்புடணும்னுட்டாக. ஏன்? நாங்க தனியா என்ன பொரிச்சுத் திங்கிறோம்னு பாக்கத்தான். வேற எதுக்கு? அதே சாம்பாரை நாங்களும் ஊத்திக்கணும்னதும் சமையக்காரம்மா சாம்பார்ல பருப்பு கண்ணுல பட ஆரம்பிச்சுச்சு. அது வேற விசயம். நான் சொல்றது அந்த எண்ணத்தைப் பத்தி.

அப்புறம் ஆளுக்கு ஒரு அலமாரித் தட்டு, ஆளுக்கு ஒரு பூட்டு, சாவி பிள்ளைக கையில. நான் கேட்டேன், மேடம், இதுக என்னத்தை வச்சுப் பூட்டப் போகுதுகன்னு. "ஒரு சீப்பு இருந்தாக் கூட அது அவங்க சீப்புக்கா"ன்னாக. எனக்கு அது சரியாப் படல தங்கச்சி. பூட்டுறவுக எதையோ ஒளிக்கிறாகன்னுதான அர்த்தம். என் டிரங்குப் பெட்டியிலயும் பூட்டு இருக்கு, இல்லைங்கல. அது வேற, அது என் பெட்டி.

அடிக்கக் கூடாதுன்னுட்டாக. கொட்டக் கூடாது, கிள்ளக் கூடாது. நாப்பத்திரெண்டு பொட்டைப் பிள்ளைகளை வாயால மேச்சுப் பாரு, தெரியும்.

இதையெல்லாம் கூட விடு. எங்க இல்லத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஊருக்குள்ள யாருக்குப் பொறந்த நாளுன்னாலும், அறுபதாம் கல்யாணம்னாலும், எங்ககிட்டத்தான் சாப்பாடு போட வருவாக. பிள்ளைக தட்டை ஏந்திக்கிட்டு வரிசையா நிக்கணும். வந்தவுக பேரைச் சொல்லி ஹேப்பி பர்த்டே பாடணும். யாரோ ஒரு மில்லுக்காரரு பேரனுக்கு, யாரோ ஒரு டாக்டரு சம்சாரத்துக்கு. ஃபோட்டோ எடுத்து முடிஞ்சாத்தான் தட்டுல சோறு விழும். ஒரு மாசத்துல பத்துப் பாட்டாவது பாடுவாளுக. மேடம் ரெண்டு தடவை நின்னு பாத்தாக. மூணாந்தடவை நிறுத்திட்டாக. "சோறு போடுறவங்க போடட்டும், சந்தோசம். பாட்டும் ஃபோட்டோவும் வேணாம். நம்ம பிள்ளைங்க பொறந்த நாளுக்கு நம்ம பாடிக்கலாம்." ஊரே பகைச்சுக்கிச்சு. நான் அப்பவே நெனச்சேன், இதுக்குள்ள என்னமோ இருக்கு.

இருந்துச்சு. பிள்ளைக பொறந்த நாளையெல்லாம் ஒரு அட்டையில எழுதி சாப்பாட்டு ரூம்ல மாட்டணும்னு சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டாக. எடுத்துக் குடுத்தேன். கொஞ்ச நேரங் கழிச்சு கூப்புட்டு விட்டாக. போனா, பதிவேடு மேசையில விரிஞ்சு கெடக்கு. "அன்னமயிலக்கா, இருபத்தேழு பிள்ளைங்க ஜூன் ஒண்ணாம் தேதி பொறந்திருக்காங்களே"ன்னாக. சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல.

சமையக்கட்டுல வேலை இருக்குன்னு வந்துட்டேன். இதுல மறைக்க என்ன இருக்குன்னு நீ கேப்ப. போலீஸ்காரன் ஒண்ணைக் கொண்டாந்து விடுவான், ரயில்ல கெடந்துச்சும்பான். இன்னொண்ணு ஆஸ்பத்திரி வாசல்லருந்து வரும். பொறந்த நாளு என்னன்னு அதுக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா? பள்ளிக்கூடம் தொறக்குற நாளு ஜூன் ஒண்ணு, அதையே போட்டுர்றது. எந்த வருசம்னு எழுத ஒசரத்தைப் பாக்குறது, வாயைத் தொறக்கச் சொல்லிப் பாக்குறது. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாக. நாங்க பிள்ளைகளைப் பாத்தோம். அந்த இருவத்தேழுல இருவது என் கையெழுத்து. இப்ப திடீர்னு வந்து ஒருத்தி அதை எண்ணுறான்னா எதுக்கு எண்ணுறா?

அன்னிக்குச் சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பொறந்த நாளு தெரியாதவங்க அவங்கவங்களுக்குப் புடிச்ச ஒரு நாளைச் சொல்லுங்க, அட்டையில அதை எழுதிக்கலாம்னாக. ஒருத்தி பொங்கலைக் கேட்டா. ஒருத்தி, மழை பெய்யிற நாளு எதுனாலும் சரின்னா. கடைசியில ஜோதி, "எனக்கு எடுத்துக்கிட்ட நாளு வேணாம் மேடம், நெசமான நாளு எதுவோ அது வேணும்"னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா. பாத்திரம் கழுவுற எடத்துக்கு வந்து, "அத்தை, நான் வரும்போது எதுவும் கொண்டாந்தேனா"ன்னு கேட்டா. சின்னதுலருந்து வருசத்துக்கு ஒருக்கா கேக்குற கேள்விதான். நானும் எப்பவும் சொல்ற பதிலைச் சொன்னேன். வெறுங்கையோட வந்தடி.

இரு, பன்னெண்டு வெளிய வருதா? இல்ல, டவாலிதான் டீ வாங்கப் போறான். இந்தா பாப்பா, முறுக்குத் தின்னு. என்ன பேரு? யாழினியா. நல்ல பேரு. அம்மா காதுக்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாளே, என்ன சொன்னா? சரி சரி, நீ சொல்ல வேணாம்.

அப்புறம் இன்னொண்ணு, பெட்டி. புகார்ப் பெட்டின்னு ஒண்ணைக் கொண்டாந்து மாடிப்படி ஓரத்துல ஆணியடிச்சாக. முன்னாடியும் ஒண்ணு இருந்துச்சு, சாவி என் முந்தானையில. இந்தப் பெட்டிக்குச் சாவி எங்ககிட்ட இல்ல, மேடம்கிட்டயும் இல்ல. இந்தா இந்த ஆபீஸ்லருந்து மாசம் ஒருத்தரு வந்து தொறப்பாரு. பிள்ளைக எழுதிப் போட்டதை மேடமும் அவரும் ஒக்காந்து படிப்பாக. அன்னியிலருந்து எனக்குத் தூக்கம் கெட்டுச்சு. எவ என்னத்தை எழுதுறான்னு எப்பிடித் தெரியும்? நான் சோப்பை ஒளிச்சு வச்சதை எழுதுவாளா, அஞ்சு வருசத்துக்கு முன்னாடி கரண்டியால போட்டதை எழுதுவாளா?

கார்த்திகை மாசம் அவரு வந்து பெட்டியைத் தொறந்த அன்னிக்கு நான் டீ கொண்டு போனேன். மேடம் கையில ஒரு கிழிச்ச நோட்டுத்தாளு. தலைகீழாத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா என் பேரு எனக்குத் தெரியாதா? மயிலத்தைன்னு மொத வரியில இருக்கு. என்னைக் கண்டதும் மேடம் அதை மடிச்சு நோட்டுக்குள்ள வச்சுட்டாக. ஏன் மடிக்கணும்? அதுக்கு அப்புறம் ரெண்டே நாள்ல என்னை மாடி ரூமுலருந்து கீழ எறக்கிட்டாக. பதினெட்டு வருசமா மாடியில பெரிய பிள்ளைகளோட இருந்தவ நான். "கீழ் ரூம்ல இருங்கக்கா, முழங்கால் எப்பிடி இருக்கு"ன்னு கேட்டாக. என் முழங்காலைப் பத்தி இவுகளுக்கு என்ன அக்கறை? எவளோ எழுதிப் போட்டிருக்கா, என்னைப் பெரிய பிள்ளைககிட்டருந்து பிரிக்கிறாகன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. பேசுறதைக் கொறைச்சுக்கிட்டேன். கேட்டதுக்கு மட்டும் பதிலு.

தை மாசம் மொக்கச்சாமி வந்தாரு. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஜாதகம். அன்னிலருந்து ஜோதிக்குச் சோறு எறங்கல. மேடம் என்னைத் தனியாக் கூப்புட்டாக. "ஜோதியைச் சேத்தப்ப நீங்கதான இருந்தீங்க? ஆறு வயசுன்னு எப்பிடி முடிவு பண்ணாங்க?" நான் சொன்னேன், அவரு சொன்னாரு, எழுதினோம். "அவ ஒண்ணாப்புல ரெண்டு வருசம் ஒக்காந்திருக்கா. மந்தம்னு டீச்சர் எழுதியிருக்காங்க. இப்பப் பாத்தா ப்ளஸ் ஒன்ல மூணாவது ரேங்க். எனக்கு என்னமோ அவ வந்தப்ப ஆறு வயசு ஆகியிருக்காதுன்னு தோணுதுக்கா. ஒரு தடுப்பூசி அட்டை, ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுனாலும் வந்துச்சா? ஒண்ணு கெடைச்சாப் போதும், பதினெட்டு ஆகுற வரைக்கும் இங்கயே இருந்து படிப்பா. யாரு எழுதினது, எதுக்கு எழுதினதுங்கிறது எனக்கு முக்கியம் இல்ல."

முக்கியம் இல்லைன்னு எவுக சொல்றாகளோ அவுகளுக்கு அதுதான் முக்கியம். எனக்குத் தெரியாதா? மூணு பக்கமும் வலையைக் கட்டிட்டு நாலாம் பக்கம் தொறந்து விட்டு, வா வாங்குறது. பொய்யா வயசு எழுதினேன்னு எங்கிட்டயே வாங்கி எங்கழுத்துல மாட்டுறதுக்கு. எதுவும் வரல மேடம், வெறுங்கையோடதான் வந்தான்னேன். அவுக என் மூஞ்சியையே பாத்தாக. "நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா"ன்னாக. யோசிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்புறம் எலும்பைப் படம் புடிச்சுப் பாத்தாக. பதினாறுலருந்து பதினெட்டுக்குள்ளன்னு எழுதிக் குடுத்துட்டான் ஆஸ்பத்திரியில. அது இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது. அந்தம்மா லீவு நாள்லயும் ஊரு ஊராப் போயிப் பாத்தாக. பொறந்த ஊரே எதுன்னு மொக்கச்சாமி சரியாச் சொல்ல மாட்டேங்குறாரு. சொன்னா அவருக்கு நட்டம்.

உனக்கு ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ இனிமே என்னைப் பாக்கப் போறதில்ல. அதோட இந்தப் பாப்பா முகத்தைப் பாத்ததுலருந்து எனக்கு மனசு ஒரு நெலையில இல்ல.

அந்த ஆளு ஜோதியைத் தூக்கிட்டு வந்தப்ப நான்தான் கேட்டைத் தொறந்தேன். பட்டப் பகல், நல்ல வெயிலு. பிள்ளை தோள்ல தூங்குது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. அப்பனும் ஆத்தாளும் ஒரே லாரியில போய்ச் சேந்துட்டாக, எனக்கு ஏற்கனவே மூணு இருக்கு, என்னால முடியலன்னாரு. வயசென்னன்னேன். நாலுன்னாரு. நாலு வயசை எங்க இல்லத்துல எடுக்க மாட்டாக, ஆறு ஆகணும். அதுக்குக் கீழ உள்ளதுகளுக்கு ஒரே ஒரு இல்லம், வேற ஊரு, அங்க எப்பவும் எடம் இருக்காது. அதைச் சொன்னேன். அங்கயும் போயிட்டுத்தான் வர்றேன்னாரு. எடமில்லைன்னு விரட்டிட்டாக, நீங்களும் இல்லைன்னா பஸ் ஸ்டாண்டுல ஒக்கார வச்சுட்டுப் போறதைத் தவிர வேற வழி இல்லைன்னாரு. மெரட்டலுக்குச் சொல்லல. கண்ணைப் பாத்தேன், செய்யக்கூடிய ஆளுதான்.

நான் என்ன செய்ய? உள்ள சூப்பிரண்டு இருக்காரு. ஆறுன்னு சொல்லுய்யான்னேன். நாந்தான் சொன்னேன். பிள்ளையை எழுப்பி அதுக்கும் சொல்லிக் குடுத்தேன். யாரு கேட்டாலும் ஆறுன்னு சொல்லணும் கண்ணு, சொன்னா அத்தை முறுக்குத் தருவேன். உள்ள கூட்டிட்டுப் போனேன். சூப்பிரண்டு கேட்டாரு, பாப்பாவுக்கு எத்தனை வயசு? ஆறுங்குது, நல்லா சத்தமா. வாயி ஆறுங்குது, கையி நாலு விரலைக் காட்டுது. அவ ஆத்தா சொல்லிக் குடுத்திருக்கா, வயசு கேட்டா நாலு விரலைக் காட்டணும்னு. அவரு நிமிந்து பாக்குறதுக்குள்ள அந்தக் கையைப் புடிச்சு மடக்கி எங் கைக்குள்ள வச்சுக்கிட்டேன். சின்னக் கையி, பூராவும் வேர்வை. அவரு ஆறுன்னு சொல்லி எங்கையில பேனாவைக் குடுத்தாரு. நான் எழுதினேன். ஜூன் ஒண்ணு.

அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன். எடம் குடுக்கலைன்னா அந்தப் பிள்ளை எங்க இருந்திருக்கும்? அந்த வயசுல ஒண்ணாப்புல கொண்டுபோயி ஒக்கார வச்சாக, பென்சில் புடிக்கத் தெரியல, மந்தம்னாக. நான் வாயைத் தொறக்கல. தொறந்தா எடம் போயிரும்ல.

மொக்கச்சாமி ஒரு மஞ்சப்பை குடுத்துட்டுப் போனாரு. ரெண்டு கவுனு, ஒரு தடுப்பூசி அட்டை. அட்டையில ஆஸ்பத்திரி பேரு, நம்பரு, பொறந்த தேதி எல்லாம் இருக்கு. மாசி மாசத்துப் பிள்ளை. அந்த மாசிதான் நாலு முடிஞ்சிருக்கு. அது ஃபைலுக்குள்ள போனா என் குட்டு ஒடைஞ்சு போகும். எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில வச்சேன். வச்சது வச்சதுதான். பன்னெண்டு வருசம்.

அப்பப்ப எடுத்துப் பாப்பேன். அட்டைக்குப் பின்னாடி அவ ஆத்தா பென்சில்ல எழுதியிருக்கா. கோழிக் கிறுக்கல்தான், எழுத்துக் கூட்டிப் படிக்கணும். ஏழாம் மாசம் பல்லு வந்தது. பதினொண்ணாம் மாசம் நடந்தாள். கீரை தின்ன மாட்டாள். இவ்வளவுதான். இன்னிக்கும் கீரை தின்ன மாட்டா தங்கச்சி. கீரைக்காகவே நான் எத்தனை அடி அடிச்சிருக்கேன். படிச்சிட்டும் அடிச்சேன். ஆத்தா எழுதி வச்சா விட்ருவோமா, சத்து வேணாமா? அட்டையை ஏன் அவகிட்டக் காட்டலன்னு கேக்குறியா? காட்டினா அவளுக்கு ஆத்தா வந்துருவா. அதுக்கு அப்புறம் நான் யாரு? சும்மா சொன்னேன். அதெல்லாம் இல்ல. வேலை போயிருங்கிற பயந்தான்.

இன்னிக்குக் காலையில இங்க கெளம்பும்போது ஜோதி அவ அலமாரித் தட்டைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தா. திரும்பி வருவோமோ மாட்டோமோன்னு எல்லாத்தையும் மடிச்சு வைக்கிறா. மேடம் கூட, "எதுக்கு இப்பவே மடிக்கிற"ன்னு கேட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாக. அவ அந்தப் பூட்டையும் சாவியையும் எங்கிட்டக் குடுத்தா, அடுத்து வர்ற பிள்ளைக்குக் குடுங்கன்னு. அப்புறம் கேக்குறா, "அத்தை, கீழ் ரூம்ல முழங்கால் வலி கொறஞ்சிருக்கா?" எதுக்குடி கேக்குறன்னேன். "நான்தான் பெட்டியில எழுதிப் போட்டேன். மயிலத்தை மாடிப்படி ஏற முடியாம ஒக்காந்து ஒக்காந்து ஏறுறாங்க, கீழ ரூம் குடுங்கன்னு. மேடம் உடனே மாத்திட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க"ங்குறா.

அந்தத் தாளு அதுதான் தங்கச்சி. மயிலத்தைன்னு மொத வரியில இருந்துச்சே, அதுதான். அதைப் பாத்துத்தான் நான் வாயைப் பூட்டினேன். ஏழு மாசமா.

நேரா என் ரூமுக்குப் போயி டிரங்குப் பெட்டியைத் தொறந்தேன். அட்டையை எடுத்து இந்த ஒயர்க் கூடையில, தண்ணிப் பாட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். பத்து மணியிலருந்து இங்கதான் இருக்கு. ரெண்டு தடவை எந்திரிச்சேன், அந்தம்மாகிட்டக் குடுத்துருவோம்னு. ரெண்டு தடவையும் ஒக்காந்துட்டேன். குடுத்த ஒடனே என்ன ஆகும்? இத்தனை நாளா ஏன் குடுக்கலன்னு கேப்பாக. ஊதா நோட்டைத் தொறப்பாக. இன்னும் மூணு வருசம் சர்வீஸ் இருக்கு எனக்கு. அந்தம்மா நல்லவுகளாவே இருக்கட்டும், நல்லவுக கையிலயும் பேனா இருக்குல்ல. பிள்ளைக்கும் தெரிஞ்சு போகும், வெறுங்கையோட வந்தன்னு இத்தனை வருசமாச் சொன்னவ யாருன்னு. அவ என்னைப் பாக்குற பார்வையை நான் எங்க வச்சுக்கிறது?

அதான் ஒரு யோசனை பண்ணி வச்சேன். உங்கிட்டக் குடுத்தா என்ன? நீ உள்ள போகும்போது மேசையில வச்சிரு, வராண்டாவுல கெடந்துச்சுன்னு சொல்லு. ஏன் அப்பிடிப் பாக்குற? சரி, உன் டோக்கன் பதினேழு, எங்களுது பதினாலு. அதுக்குள்ள முடிஞ்சு போயிரும். எனக்கு அதுகூடத் தோணல பாரு.

பதிமூணு உள்ள போகுது. அடுத்து நாங்கதான். அந்த ஆளும் மரத்தடியிலருந்து எந்திரிச்சுட்டாரு, வேட்டியை ஒதறிக் கட்டுறாரு.

உன் கதையை நான் கேக்கவே இல்லையே. திருப்பூரு மில்லா? ஹாஸ்டல்ல பிள்ளையை விட மாட்டானா. வீட்டுக்காரரு இல்லையா. ம். அழாத, பாப்பா பாக்குது. வெளிய டீக்கடையில யாரும் ஏதாவது யோசனை சொன்னாகளா? ஆறுக்குக் கீழன்னா எடுக்க மாட்டாக, ஆறுன்னு சொல்லிருன்னு? எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்காத. நீ காதுக்குள்ள சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. யாழினி, இங்க பாரு கண்ணு. அத்தையைப் பாரு. உனக்கு எத்தனை வயசு?

பாத்தியா. வாயி ஆறுங்குது. கையைப் பாரு.

மடக்காத தங்கச்சி. அந்தக் கையை விடு, மடக்காத. அது பாட்டுக்கு நாலு விரலைக் காட்டட்டும். உள்ள போயி நாலுன்னே சொல்லு. எங்க இல்லத்துல ஆறு வயசுக்குக் கீழ உள்ளதுகளுக்குன்னு தனி ரூம் கேட்டு அந்தம்மா வந்த மாசத்துலருந்து எழுதி எழுதி, போன வாரந்தான் ஆர்டரு வந்திருக்கு. பத்து எடம். கீழ் ரூமுக்குப் பக்கத்து ரூமு. எதுக்கு இவுகளுக்குச் சின்னப் பிள்ளைக, இதுல என்ன இருக்கோன்னு நேத்து வரைக்கும் நான் சந்தேகப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் ஒரு எடத்துக்குக் கூட ஆள் வரல. நாலுன்னு சொல்லு. இந்தப் பிள்ளையையும் ஜூன் ஒண்ணுல பொறக்க வச்சிறாத.

கூப்புடுறான். நாகஜோதின்னு கூப்புடுறான், கேட்டுச்சா. அந்தா புஸ்தகத்தை மூடிட்டா. இங்க பாக்குறா. மேடமும் இங்கதான் பாக்குறாக. ரெண்டு பேரும் என்னத்துக்கு என்னையே பாக்குறாக? தெரிஞ்சிருக்குமோ?

இந்த முழங்காலு வேற. கையைக் குடு, எந்திரிக்கிறேன். நாங்க வர்ற வரைக்கும் இந்தக் கூடையைக் கொஞ்சம் பாத்துக்கிறியா?

இல்ல, வேணாம். குடு இங்க. நான் யாரையும் நம்புறதில்ல. நானே உள்ள கொண்டு போறேன்.